நிமோனியாவுக்குப் பிறகு சைக்கிள்: சேலத்தில் எங்கே, எப்போது, எவ்வளவு?

கேள்வி இதுதான். வயது 54. நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் கொஞ்சம் மிச்சம், மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. நியூசிலாந்தில் இருக்கும் மகள், அங்கே ஓட்டம் நின்றுபோன ரயில் பாதை ஒன்றைச் சைக்கிள் பாதையாக மாற்றி வைத்திருப்பதாகவும், நோயிலிருந்து தேறி வருகிறவர்கள்கூட அதில் நிதானமாகப் போவதாகவும் படம் அனுப்பியிருக்கிறாள். சேலத்தில் அப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றால் ஏற்காட்டுப் பக்கம் ஓட்டலாமா? எப்போது தொடங்கலாம்?

நான் டாக்டர் இல்லை. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், சைக்கிளை விடாதவன். நெஞ்சைப் பற்றிய கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது. பாதையைப் பற்றி நான் சொல்லலாம்.

முதலில் ஏற்காட்டை மறந்துவிடுங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கினால் சுமார் இருபது கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சராசரியாக 18 அடி போனால் ஓர் அடி உயர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலின் செங்குத்தான இடங்களில் 12க்கு 1. அதற்கே நடுவில் பல்சட்டம் போட்டு இஞ்சினைக் கடித்துப் பிடித்து ஏறச் செய்கிறார்கள். சாதாரணத் தண்டவாளத்தில் 18க்கு 1 ஏற்றத்தை ஒரு ரயில்வே பொறியாளரிடம் கேட்டுப் பாருங்கள், உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

கணக்காகவே சொல்கிறேன். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வையுங்கள். நல்ல தார்ச்சாலையில், சமதரையில், காற்று இல்லாதபோது உங்கள் கால்கள் கொடுக்க வேண்டியது சுமார் 40 வாட். அதே வேகத்தில் 100க்கு 1 ஏற்றம் வந்தால் 65, 70 ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத அந்த ஏற்றம் உழைப்பை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. ஏற்காட்டுச் சாலையில் அதே வேகத்துக்கு 200 வாட் வேண்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 100க்குப் பக்கத்தில் நிற்கும். நல்ல உடம்புக்காரருக்கே அது மூச்சு வாங்கும் வேலை. மெதுவாகப் போனால் மலை மன்னிக்கும் என்பது நிமோனியாவிலிருந்து எழுந்தவருக்குச் செல்லாது.

‘பஸ்ஸில் சைக்கிளை ஏற்றி மேலே போய், ஏரியைச் சுற்றி ஓட்டிவிட்டு, இறக்கத்தில் சும்மா உருண்டு வருகிறேன்’ என்பார்கள் சிலர். அது இன்னும் மோசம். மேலே ஊர் தட்டையாக இல்லை. ஏரியை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேடு நிற்கும். இறக்கத்தில் கால் சும்மா இருக்கலாம், கை சும்மா இருக்காது. இரண்டு வாரம் படுத்தவருக்குத் தொடையில் மட்டுமல்ல, கைப்பிடியிலும் பலம் குறைந்திருக்கும். முக்கால் மணி நேரம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வளைவுக்கு வளைவு பஸ்ஸுக்கு ஒதுங்கி வருவதற்கு அந்தக் கை போதாது. காற்று வாங்க ஏற்காடு போங்கள், ஏரிக்கரையில் நடங்கள். சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது உங்கள் மகள் அனுப்பிய படத்துக்கு வருவோம். அது ஒட்டாகோ பாதையாக இருக்க வேண்டும்: மிடில்மார்ச், கிளைடு என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே 152 கிலோமீட்டர். 1990இல் ரயில் நின்றது, 2000இல் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். அமெரிக்காவில் மிசௌரி ஆற்றை ஒட்டிப் போகும் கேட்டி பாதை இதைவிட நீளம், சுமார் 385 கிலோமீட்டர். நலிந்த உடம்புக்கு இவை ஒத்துவரக் காரணம் அழகு இல்லை, ரயில். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் குறைவு. அதனால் ரயில் போகும் வழியில் மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தில் கரை எழுப்புவார்கள், முடியாத இடத்தைச் சுற்றிப் போவார்கள். 100க்கு 1 என்றாலே எங்களுக்கு அது கவனிக்க வேண்டிய ஏற்றம்.

ரயிலில் போகும்போது பாதையோரம் பாருங்கள். ஒரு குட்டைக் கம்பம் நிற்கும். அதில் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் சட்டம். ஒவ்வொன்றும் மேல் நோக்கியோ, கீழ் நோக்கியோ, படுக்கையாகவோ இருக்கும். பக்கத்தில் 150, 200 என்று எண். இங்கிருந்து பாதை எத்தனைக்கு ஒன்று ஏறுகிறது, இறங்குகிறது என்ற குறிப்பு அது. எங்கள் டிராலி தள்ளுபவர்களுக்கு அந்தக் கம்பமே தேவையில்லை. டிராலி என்றால், பாதையைப் பார்வையிட அதிகாரி உட்கார்ந்து வரும் நாலு சக்கரப் பலகை. அதைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடுவார்கள். கண்ணுக்கு மேசைபோல் கிடக்கும் இடத்தில் திடீரென்று பேச்சு நிற்கும், மூச்சு மட்டும் கேட்கும். கம்பத்தைப் பார்த்தால் 100 என்று இருக்கும். கொஞ்ச தூரத்தில் எல்லோரும் குதித்து ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், டிராலி தானே உருளும். தேறி வரும் நெஞ்சும் அந்த டிராலிக்காரர்களைப் போலத்தான், கண் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஏற்றத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு, அதிகம் பேர் சொல்லாதது. நிலையங்கள் எட்டு, பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக வரும். ஒற்றைப் பாதையில் வண்டிகள் விலகிக்கொள்ளவும், நீராவிக் காலத்தில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கவும் அப்படி வைத்தார்கள். இன்று சைக்கிளில் வருகிறவருக்கு அதுவே நிழலும் உட்காரும் இடமும் திரும்பிவிடும் இடமும் ஆகிவிட்டது. போதும் என்று தோன்றினால் நிறுத்த ஓர் ஊர் இருக்கிறது. நோயாளிக்கு இதைவிட முக்கியமான வசதி இல்லை.

சேலத்தில் அப்படி உண்டா என்றால், இல்லை. இங்கே ரயில் பாதை ஓய்வு பெறுவது அபூர்வம். சேலம்–விருத்தாசலம் மீட்டர் கேஜ் நின்றபோது அதே கரையில் அகலப்பாதை வந்துவிட்டது. ஓமலூரிலிருந்து மேட்டூர் அணைக்குப் போகும் கிளையும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பழைய சேலம் மாவட்டம் என்று பார்த்தால், 1965க்கு முன் தர்மபுரியும் சேலத்தோடு இருந்த காலத்துக்குப் போனால், கதை உண்டு. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். இரண்டரை அடி அகலம்தான். 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இதேபோல் ஒன்று 1905இல் வந்தது. பஞ்ச காலத்தில் உள்நாட்டுக்குத் தானியம் போய்ச் சேர வேண்டும் என்ற யோசனையில் பிறந்த பாதைகள் இவை. மொரப்பூர்–ஓசூர் பாதையை இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941இல் மூடிவிட்டார்கள். பின்னாளில் சேலத்திலிருந்து தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பாதை வந்தது. மொரப்பூர் இணைப்பு மட்டும் விட்டுப்போனது. அதை மறுபடி போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள்.

அந்தப் பழைய தடத்தில் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். எண்பது ஆண்டில் கரையின் மேல் பல இடங்களில் வீடும் வயலும் வந்துவிட்டன. தொடர்ச்சியாக ஒரு வழி கிடையாது. உடம்பு நன்றாகத் தேறிய பிறகு ஒரு நாள் மொரப்பூர் பக்கம் போய், எது பழைய கரை, எது வரப்பு என்று தேடுவது நல்ல பொழுதுபோக்கு. இப்போது வேண்டாம்.

ஓடும் பாதையை ஒட்டிக் கேங்மேன் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஓட்டிவிடலாம் என்ற யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தை விடுங்கள், மின்சார இஞ்சின் வரும் சத்தம் பின்னாலிருந்து கேட்பதற்குள் அது பக்கத்தில் இருக்கும்.

சரி, ரயில் பாதை இல்லை. ரயில் பாதையின் குணம் உள்ள இடங்களைத் தேடுவோம். சேலம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர்: வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. எந்தச் சாலையில் போனாலும் ஏதோ ஒரு மலையின் காலடி மேடு வரும். அதனால் தண்ணீரைப் பின்தொடருங்கள். தண்ணீர் தட்டையாக நிற்கும், ஓடினாலும் மெல்லிய சரிவில் ஓடும். அதன் கரையும் அப்படியே.

முதல் இடம் மூக்கனேரி, கன்னங்குறிச்சிப் பக்கம். தூரம் குறைவு, அதுதான் உங்களுக்கு வேண்டும். கரையின் மேல் மேடு பள்ளம் இல்லை, பறவை பார்க்கும் சாக்கில் நிற்கலாம், எந்த இடத்தில் களைத்தாலும் வீடு பக்கத்தில். விடிகாலையில் நடப்பவர்கள் கூட்டம் இருக்கும்; மணி அடித்துக்கொண்டே போக வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். இறங்கித் தள்ளுவதற்கு வெட்கப்படாதவர்தான் நோய்க்குப் பிறகு சைக்கிள் ஓட்டத் தகுதியானவர்.

கொஞ்சம் தெம்பு வந்தபின் மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால், தேவூர்ப் பக்கம். என்னைக் கேட்டால் நம் மாவட்டத்தில் அந்த நியூசிலாந்துப் படத்துக்கு மிக நெருங்கிய இடம் இதுதான். வாய்க்கால் கரை ரயில் பாதையைவிடத் தட்டை. வழக்கமாக ஆகஸ்ட் முதல் தேதி அணையிலிருந்து தண்ணீர் விட்டு டிசம்பர் நடு வரை ஓடும். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் கீழே நெல்லும் கரும்பும், மேலே தென்னை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. கரைக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. தலை சுற்றல் மிச்சம் இருக்கும் ஆள் தண்ணீர் ஓடும் காலத்தில் தனியாகப் போகக் கூடாது. அப்புறம் முள். சீமைக்கருவேல முள் ஒன்று போதும், நாலு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வைக்கும். மண் கரடுமுரடாக உள்ள இடங்களும் உண்டு. ஒல்லி டயர் சைக்கிள் வேண்டாம். பழைய தடித்த டயர் வண்டியே மேல், காற்றும் கல்போல் அடிக்காமல் கொஞ்சம் தளர்வாக.

மூன்றாவது, வாழப்பாடி தாண்டி பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் வசிஷ்ட நதியை ஒட்டிய கிராமச் சாலைகள். நான்கு வழிச்சாலையில் ஏறாதீர்கள், உள்ளே புகுந்துவிடுங்கள். பாக்குத் தோப்பு நிழல் உண்டு. விருத்தாசலம் ரயில் பாதையும் பக்கத்திலேயே போகிறது, அதனால் நிலமும் பெரும்பாலும் சாது. எங்கே களைத்தாலும் ஆத்தூர் பஸ் போகும் சாலை எட்டும் தூரம். சைக்கிளை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறலாம், சாயங்காலம் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைக் கிளம்பும் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

இனி, எப்போது. நிமோனியா எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்குப் பிரிட்டனில் டாக்டர்கள் நோயாளிகளுக்குச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வாரத்தில் காய்ச்சல் போகும். நாலு வாரத்தில் நெஞ்சு வலியும் சளியும் நன்றாகக் குறையும். ஆறு வாரத்தில் இருமலும் இரைப்பும் குறையும். மூன்று மாதத்தில் பெரும்பாலான தொல்லைகள் போய், அசதி மட்டும் நிற்கலாம். ஆறு மாதத்தில் பெரும்பாலோர் பழைய நிலைக்கு வருவார்கள். நீங்கள் ஆறாவது வாரத்தில் இருக்கிறீர்கள். மாடிப்படியில் இரைப்பது அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. பயப்பட வேண்டாம், அவசரமும் படவேண்டாம். ஐம்பது வயது தாண்டியவருக்கு இந்தக் கட்டத்தில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். எடுக்கவில்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள், சைக்கிள் யோசனையையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சைக்கிளுக்கு முன்னால் நடை. ஆஸ்பத்திரிகளில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்வார்கள். வீட்டுத் தெருவில் நீங்களும் ஆறு நிமிடம் உங்கள் இயல்பான வேகத்தில் நடந்து பாருங்கள், யாரையாவது கூட வைத்துக்கொண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது வீட்டில் இருக்கும். நடப்பதற்கு முன்னும் பின்னும் அதில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 96இல் இருந்தது 92க்கு இறங்கினால், அன்று சைக்கிள் பேச்சு வேண்டாம், டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வருவதுபோல் ஒரு தளர்ச்சி, இதில் எது வந்தாலும் அதே பதில்தான். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இதயத் தசையில் அழற்சி இருக்கும். அப்போது உடம்பை வருத்துவது உயிருக்கே ஆபத்து. விளையாட்டு வீரர்களையே மாதக்கணக்கில் உட்கார வைப்பார்கள்.

ஆறு நிமிட நடை சாதாரணமாகிவிட்டதா? நாளுக்கு அரைமணி நேரம் நடந்து மறுநாள் சோர்வில்லாமல் எழுகிறீர்களா? அப்படியானால் ஏரிக்கரைக்குச் சைக்கிளை எடுத்துப் போகலாம். பத்து நிமிடம் போதும், போக ஐந்து, வர ஐந்து. தூரத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். தூரக் கணக்கு வைத்தவர் ‘இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே’ என்று போய்விடுவார்.

வேகத்துக்கு அளவு பேச்சு. கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். தனியாகப் போனால் ஒன்றிலிருந்து பதினைந்து வரை ஒரே மூச்சில் வாய்விட்டு எண்ணுங்கள். பார்க்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும். நாடித்துடிப்பு பார்க்கும் கைக்கடிகாரம் உண்டு என்பீர்கள். ரத்த அழுத்தத்துக்கு சில மாத்திரைகள் சாப்பிட்டால் துடிப்பு ஏறாது, கடிகாரம் பொய்யாக நல்லபிள்ளை ஆகிவிடும். பேச்சு பொய் சொல்லாது.

ஆனால் உண்மையான தீர்ப்பு அன்று கிடைக்காது, மறுநாள் காலையில் கிடைக்கும். ஓட்டிவிட்டு வந்த அன்று எல்லோருக்கும் உற்சாகம்தான். பல நாள் வீட்டுக்குள் கிடந்தவருக்குக் காற்று பட்டதே போதை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று அர்த்தம். முழுசாகத் தெளியும்வரை சைக்கிள் வேண்டாம், அடுத்த முறை பாதி. இரண்டு மூன்று முறை தொந்தரவு இல்லாமல் எழுந்தால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வேகத்தையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இந்த மறுநாள் அசதி மாதக்கணக்கில் நீடித்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு’ என்ற அறிவுரையே ஆகாது. அந்த அறிகுறி உங்களுக்கும் திரும்பத் திரும்ப வந்தால், நான் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வாய்க்கால் கரைபோன்ற வெட்டவெளியில் ஏற்றத்துக்குச் சமம். கிளம்பும்போது அதை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தவர்கள் போகும்போது ‘அட, பழைய தெம்பு வந்துவிட்டதே’ என்று நினைத்து, வரும்போது வீட்டுக்குப் போன் போடுவார்கள்.

மார்ச் முதல் மே வரை சேலத்து வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே நிற்பதே வேலை. ஆறு மணிக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு. மார்கழிப் பனி இருமல் நெஞ்சுக்கு ஆகாது. அப்போது கொஞ்சம் வெயில் ஏறியபின் போங்கள். வழியில் இளநீர் குடிக்கலாம். தட்டுவடை செட் சாப்பிடக் கை துறுதுறுக்கும். மருந்து வாயும் கசந்த நாக்கும் அதைத்தான் கேட்கும், எனக்குத் தெரியும். இருமல் முழுக்க நின்றபிறகு ஒரு தட்டு என்ன, இரண்டு தட்டு சாப்பிடுங்கள்.

சைக்கிளையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். கைப்பிடியை உயர்த்தி வையுங்கள். குனிந்து ஓட்டினால் வயிறு மடங்கி மூச்சு முழுசாக இறங்காது. சீட்டை மட்டும் வழக்கத்தைவிட ஒரு விரல் இறக்குங்கள், நிற்கும்போது இரண்டு காலும் தரையில் நன்றாகப் படட்டும். நடுச்சட்டம் உள்ள பழைய வண்டியில் காலைச் சுற்றிப் போட்டு ஏறி இறங்குவது சிரமமாக இருந்தால் பெண்கள் ஓட்டும் சைக்கிளை வாங்கி ஓட்டுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கியர் இருந்தால் இலகுவான பல்லிலேயே வையுங்கள். கால் வேகமாகச் சுற்றட்டும், பலமாக மிதிக்க வேண்டாம். பையில் தண்ணீர், போன், மாத்திரைச் சீட்டின் நகல், ஆட்டோவுக்குக் கொஞ்சம் பணம். பஞ்சர் ஒட்டும் சாமான் வேண்டாம். இந்த உடம்போடு வழியில் உட்கார்ந்து டியூப்பைக் கழற்றி பம்ப் அடிப்பது சைக்கிள் ஓட்டுவதைவிடக் கனமான வேலை. பஞ்சரானால் ஆட்டோவைக் கூப்பிட்டு, சைக்கிளைப் பின்னால் கட்டச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.